பொத்தானில் காய்ந்த சந்தனம்

பள்ளிச் சுற்றுலாவுக்குக் கைபேசி கூடாது, கேமரா கொண்டுவரலாம் என்று சொல்லிவிட்டதால், பரணில் கிடந்த பழைய டிஜிட்டல் கேமராவை மகளுக்காக இறக்கினான் தயாபரன். படமெடுக்கும் பொத்தான் பதினோரு வருடமாக அமுங்கியபடியே கிடந்தது. மனைவி சுகந்தியின் வளைகாப்பு அன்று அவள் தம்பி முகிலன்தான் அதைக் கீழே போட்டுக் கெடுத்தான் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். இல்லவே இல்லை என்று அழாத குறையாகச் சொல்லிப் பார்த்த முகிலன், அதன்பின் இந்த வீட்டில் எதையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பொத்தானைச் சுற்றியிருந்த இடுக்கில் பல்குச்சியை விட்டு மெல்லச் சுற்றினான். மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. சுகந்தி விரலில் எடுத்து முகர்ந்தாள்.

"சந்தனம்ங்க."

அன்று அவள் கன்னத்தில் முதலில் சந்தனம் பூசியவன் அவன்தான். அவள் வெட்கப்பட்டுச் சிரித்ததும் அவசரமாகக் கேமராவை எடுத்தவனும் அவன்தான்.

"கையைத் துடைச்சிட்டுத்தானே எடுத்தேன்?"

"எதுல, என் பட்டுப்புடவையிலயா?" அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றியதும் பொத்தான் டக்கென்று மேலே வந்தது. அதை அழுத்திக்கூடப் பார்க்காமல் அவன் முகிலனுக்குப் போன் செய்தான்.

"சொல்லுங்க மாமா."

"மாப்ள, அன்னிக்கு நீ கேமராவைக் கீழ போடலடா. தப்பு என்மேலதான்."

மறுமுனையில் தெரு இரைச்சல் குறைந்தது; முகிலன் எங்கோ ஓரமாக ஒதுங்கிக்கொண்டான்.

"அக்கா பக்கத்துல இருக்காளா மாமா? ஸ்பீக்கர்ல போட்டு இன்னொரு தடவை சொல்லுங்க."