காலியாக இருந்த தேதி

எங்கள் மகள் ஆதிரை இறந்த ஜூலை பதினொன்றாம் தேதி மழை பெய்ததாக நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவளை நினைத்துப் பார்க்க எங்களுக்குக் கொடுத்திருக்கும் நாள் அடிக்கடி வருவதில்லை.

அவள் இறந்த மறுவருடம், ஒரு நடிகரின் பிறந்த நாள் என்பதால் அந்தத் தேதியை மகிழ்ச்சி நாளாக அறிவித்தார்கள். மகிழ்ச்சி நாளில் யாருக்கும் நினைவுநாள் இருக்கக்கூடாது. இறந்தவர்களை வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நானும் என் மனைவி சோபனாவும் தேதி அலுவலகத்துக்குப் போனோம்.

"மறுநாளையாவது குடுங்க சார்," என்றாள் சோபனா.

"பன்னெண்டு ஒரு கிரிக்கெட் வீரரோடதும்மா. வருஷம் பூரா யாராவது பெரிய ஆளு பொறந்துதான் தொலைச்சிருக்காங்க. பிப்ரவரி இருபத்தொன்பதுல மட்டும் எடம் தாராளமா இருக்கு."

"அது நாலு வருஷத்துக்கு ஒருக்காதானே வரும்?"

"அழுகை மிச்சம்னு நினைச்சுக்கோங்க."

"தேதியே வேணாம். நாங்க திதி பாத்துக் கும்பிட்டுக்கிறோம்."

"பஞ்சாங்கமும் இப்ப எங்ககிட்டதாம்மா இருக்கு."

 சோபனா படிவத்தில் கைரேகை வைத்தாள்.

ஆனாலும் அந்த ஜூலை பதினொன்றில் ஆதிரையின் படத்துக்கு மாலை போட்டாள். தெருவெல்லாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்க, அலுவலகத்திலிருந்து வந்து படத்தை எடுத்துப் போனார்கள்.

படம் திரும்பி வரவில்லை. நடிகர் நலமாக இருக்கிறார். சோபனா போன சித்திரையில் இறந்தாள். அவள் கேட்டிருந்தபடி அவளுக்கும் பிப்ரவரி இருபத்தொன்பதையே வாங்கினேன். எனக்கும் அங்கேயே சொல்லி வைத்திருக்கிறேன்.