கருணை கூர்ந்து

அப்பா எழுதிய ரெஸ்யூமைப் படித்ததும், பி.காம். முடித்த பவதாரிணி தலையில் கை வைத்தாள்.

"'ஏழைக் குடும்பம், கருணை கூர்ந்து வேலை தருமாறு தாழ்மையுடன்...' அப்பா, இது மனு இல்ல."

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஊராருக்கு மனு எழுதித் தருபவர் கண்ணுச்சாமி. இருபது வருடப் பழக்கம்.

"பணிஞ்சு எழுதுனாத்தான் படிப்பாங்க தாயி."

"கெஞ்சுனா யாரும் வேலை தரமாட்டாங்கப்பா. என்ன தெரியும், என்ன செஞ்சிருக்கோம், அம்புட்டுத்தான். நிமிந்து எழுதணும்."

கண்ணுச்சாமிக்கு மனசே வரவில்லை. அவள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, புதிதாக டைப் செய்து மெயிலில் அனுப்பினாள்.

நாலாம் நாள் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"பசுமலை வக்கீல் ஆபீஸ்ல இருந்து பேசுறோம். ரெஸ்யூம் பார்த்தோம். 'நான் எழுதிய மனுக்களால் முந்நூறு குடும்பங்களுக்குப் பட்டா கிடைத்தது.' இந்த ஒரு வரி போதும். திங்கக்கிழமை இன்டர்வியூக்கு வர முடியுமா?"

பவதாரிணி போனை நீட்டினாள். "உங்களைத்தாம்ப்பா கேக்குறாங்க."

கண்ணுச்சாமி எழுந்து நின்று வாங்கினார். 'கருணை கூர்ந்து' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"திங்கக்கிழமை மனு நாளுங்க. சனங்க எனக்காகக் காத்திருப்பாங்க. செவ்வாக்கிழமை வாரேன்."