கட்டிலுக்கடியில் பால்

அப்பா நின்றபடியே கைத்தடியின் நுனியால் பால் கிண்ணத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறார். கிண்ணம் கிறீச்சிட்டு ஒரு விரற்கடை நகர்கிறது. பால் தளும்பிச் சிந்துகிறது. அடியில் இருட்டுக்குள், நாலு நாள் முன்பு குட்டி போட்ட பூனையின் கண்கள் மட்டும் மின்னுகின்றன. மதிய வெயில் அவருடைய முழங்கால்வரை ஏறி நிற்கிறது. சுவரில் கேமராவின் பச்சைப் புள்ளி. அவர் விழுந்தால் என் செல்போனை அலறவைக்க வேண்டும் என்று நான்தான் மாட்டினேன். போன மாதம் அவர் தரையில் சப்பணமிட்டுச் சட்டைக்குப் பித்தான் தைத்ததை, ஆள் விழுந்துவிட்டதாக அது எடுத்துக்கொண்டது. நான் போனில் கெஞ்ச, பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தார். ஆபீஸிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்த நான், ஊசியும் நூலுமாகத் திருதிருவென்று விழித்தவரிடம், "தரையில உக்காராம இருக்கவே முடியாதாப்பா உங்களால?" என்று கத்தினேன். அன்றைக்குத் தரையை மறந்தவர்தான். இன்று அரை நாள் லீவில் வந்து அறை வாசலில் நிற்கும் என்னை அவர் இன்னும் கவனிக்கவில்லை. சிந்திய பாலைத் துடைக்கக் குனிகிறவர், பாதியிலேயே சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு நிமிர்ந்துகொள்கிறார். நான் போய்க் கேமராவின் ஒயரைப் பிடுங்குகிறேன். பச்சைப் புள்ளி அணைகிறது. "ஆஃப் பண்ணிட்டேன்ப்பா. கீழ உக்காந்து குட்டிங்களப் பாருங்க." அவர் சுவரைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். "வேணாம்மா, மறுபடி மாட்டிடு. அப்புறம் நீ பயந்துக்குவே" என்கிறார். தடியின் நுனி மீண்டும் கிண்ணத்தைத் தேடுகிறது.