ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளை

பெண்சாதிக்கு மாதச் சம்பளம் வரப்போகிறது என்று தெரிந்த வாரமே கஜேந்திரன் தன் வேலையை விட்டுவிட்டான்.

சாதாரண வேலையா அது? அவிசாவளை டவுனில் ஏ.சி. போட்ட போன் கடை. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, சிங்களத்தில் தேனாகப் பேசிப் போன் விற்கிற வேலை. தோட்டத்து லயக் குடியிருப்புப் பையன்களில் வேர்க்காமல் சம்பாதித்தவன் அவன் ஒருவன்தான்.

"ஒனக்குக் கெடைச்சதும் அவருக்குக் காலை நீட்டிக்கத் தோணிருச்சு," என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜெயம்மா. "எங்க வீட்டு ஆளு நீட்டுன காலை இன்னும் மடக்கல. பாத்துக்க. அனே, புள்ளதான் பாவம்."

கஜேந்திரனின் பெண்சாதி நிரோஷா பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

தெரணியகலைக்கு மேலே உள்ள அந்த ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள் அவள். பள்ளியில் ஏ.எல். வரை படித்திருக்கிறாள், பிள்ளை பராமரிப்புப் பயிற்சியும் முடித்திருக்கிறாள் என்று இப்போது பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர் வேலையைக் கொடுத்திருந்தார்கள். மலைக்கு வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அவளுடைய பாப்பாவும் அங்கேதான் தவழப் பழகியிருந்தாள்.

இனித் தாயும் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழே. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், பெரிய கிளாக்கர் ஏரம்பமூர்த்தி ஆபீசுக்குக் கூப்பிடும்வரை.

"பிள்ளை, நீர் இனி ஸ்டாஃப்," என்றார் அவர், யாழ்ப்பாணத்துப் பேச்சில். "அதால உம்மட பிள்ளையை இனி அங்க விடேலாது."

"ஏங்கய்யா?"

"அது லேபர் பிள்ளையளுக்கான இடம். ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளை அதுகளோட தவழுறது சரியில்லை. சட்டமும் அப்பிடி, மரியாதையும் அப்பிடி."

"நேத்து வரைக்கும் தவழ்ந்துச்சுங்களே."

"நேற்று அது லேபர் பிள்ளை."

"நானும் அங்கதானேங்க இருக்கப்போறேன்? என் கண்ணு முன்னாடியே..."

"உம்மட பிள்ளை உம்மட கண்ணுக்கு முன்னால நிண்டா, மற்றப் பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்று பேனாவை மூடினார். "வேலை எண்டு வந்தா எது முக்கியம் எண்டு யோசிக்க வேணும். இருந்து வேலை செய்யக் கதிரை இருக்கு. நாலு பேர் மிஸ் எண்டு கூப்பிடுவினம். மழை இல்லை, அட்டைக்கடி இல்லை. பிள்ளைக்கென்ன, அது தன்ரை பாட்டில வளரும். என்ரை ரெண்டும் ஹொஸ்டலில வளந்ததுகள்தானே."

"வீட்ல பாத்துக்க ஆள் இல்லீங்கய்யா."

"ஒரு ஆளை வையும். ஸ்டாஃப் எண்டா அப்பிடித்தான்."

ஆக, ஊரார் பிள்ளைகளோடு இருக்க வேண்டுமானால் தன் பிள்ளையை விட்டுவிட வேண்டும். தன் பிள்ளைக்கு இடம் வேண்டுமானால் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாப்பா அவள் கண்ணில் படமாட்டாள்.

வீட்டுக்கு வந்து அழுதாள்.

"அவரு சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லு," என்றான் கஜேந்திரன்.

சொன்னாள். கேட்டுக்கொண்டான். மறுநாள் கடைக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்தான்.

"அப்ப பாப்பாவ நீங்க பாத்துக்கப் போறீங்களா?"

"நானா? எனக்கு வேலை இருக்கு."

"இருந்த வேலையத்தான் விட்டுட்டு வந்துட்டீங்களே?"

"திங்கக்கெழம நீ முன்னாடி போ. பாப்பாவ எங்கிட்ட குடுத்துட்டுப் போ. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து நிரோஷாவுக்குத் தூக்கம் போயிற்று. இந்த மனுசன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். பாப்பா தவழ்ந்து போவாள். அடுப்பு இருக்கிறது. வாசலுக்கு வந்தால் திறந்த சாக்கடைக் கான் இருக்கிறது. லயத்து நாய் வேறு குட்டி போட்டிருக்கிறது. மாதாவையும் மாரியம்மனையும் மாறி மாறிக் கூப்பிட்டாள்.

"போன் கடைய விட்டவரு, புள்ளைய விட எவ்வளவு நேரமாகும்?" என்றாள் ஜெயம்மா, தைரியம் சொல்வது போல.

திங்கட்கிழமை விடியும்போது நிரோஷா முடிவெடுத்துவிட்டாள். போவது, வேலை வேண்டாமென்று சொல்வது, பாப்பாவைத் தூக்கிக்கொள்வது, மலைக்கு ஏறுவது.

பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்து, ஆட்கள் மலைக்குக் கலைந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைக் காம்பராவின் அரைக்கதவுக்கு வெளியே தாய்மார் வரிசையாக நின்றார்கள். புது மிஸ்ஸைப் பார்க்க ஏரம்பமூர்த்தியும் தேய்த்த சட்டையோடு வந்திருந்தார்.

"ஐயா," என்று ஆரம்பித்தாள் நிரோஷா. "இந்த வேலை எனக்கு..."

வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

கடைசியில் கஜேந்திரன் நின்றிருந்தான். பழைய கால்சட்டை. இடுப்பில் சாக்கு, அதில் செருகிய பால்வெட்டுக் கத்தி. ஒரு கையில் வாளி, மறு கையில் பாப்பா.

"இதென்ன கோலம், தம்பி?" என்றார் ஏரம்பமூர்த்தி.

"பெரட்டுல பேர் குடுத்துட்டேங்கய்யா. இன்னையிலேர்ந்து பால்வெட்டு."

"கடை வேலையை விட்டுட்டோ? விசரே உமக்கு? கௌரவம் எண்டு ஒண்டு..."

"அத வீட்ல ஒரு ஆளு பாத்துக்கிறாங்க."

ஏரம்பமூர்த்தி அரைக்கதவை விட்டு விலகி வழிவிட்டார்.

கஜேந்திரன் வாளியைக் கீழே வைத்தான். மற்றவர்களைப் போலவே அரைக்கதவுக்கு மேலாகப் பாப்பாவை நீட்டினான்.

"இது லேபர் புள்ளைங்க, மிஸ். கொஞ்சம் பாத்துக்கங்க."