ஜெயந்தாவின் குரல்

"இந்தக் கூட்டத்துக்குள்ளை என்ரை பிள்ளையின்ரை குரல் மட்டும் மேலை வரவேணும், தம்பி. உம்மாலை ஏலுமோ?"

செபஸ்தியம்மா சீடியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். ஊர்காவற்றுறையிலிருந்து பஸ் பிடித்து, இரண்டு இடத்தில் இறங்கிச் சோதனைக்கு நின்று வேலணையில் தயாபரனின் ஒலிப்பதிவு அறைக்கு வந்திருந்தார்.

அது எந்தச் சீடி என்று தயாபரனுக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவனே ஒலிப்பதிவு செய்ததுதான். சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், கோயில் பெருநாளுக்கென்று பாட்டுக் குழுப் பெண்பிள்ளைகள் இதே அறைக்கு வந்து பாடிவிட்டுப் போனார்கள். செபஸ்தியம்மாவின் மகள் ஜெயந்தாவும் அவர்களில் ஒருத்தி. போன வருடம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரடங்கு நேரம். விடிந்து, தெரு திறந்து, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. அநியாயச் சாவு.

பிள்ளையின் குரல் வேறெதிலும் இல்லை என்றார் தாய்.

தயாபரன் தட்டிக்கழிக்கத்தான் பார்த்தான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடியவர்கள், அதில் ஒருத்தியை மட்டும் பிரிப்பது ஆற்றிய தேத்தண்ணீரிலிருந்து பாலைத் திரும்ப எடுப்பது மாதிரி என்று விளக்கினான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் அதுவல்ல.

ஜெயந்தா அன்றைக்குப் பாடவேயில்லை. தொண்டை கட்டி, வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. பாடாவிட்டால் சீடி அட்டைப் படத்தில் நிற்க விடமாட்டார்கள் என்ற பயத்தில் மற்றவர்களோடு நின்று வாயை மட்டும் அசைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு அவனிடம் தனியாக வந்து, ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கரகரத்த குரலில் கெஞ்சினாள். அவனும் சொல்லவில்லை. இப்போது இந்தத் தாயின் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? இருக்கிற ஒரேயொரு குரலும் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

செபஸ்தியம்மா அசைகிற ஆளாக இல்லை. புருஷன் பஸ்ரியாம்பிள்ளை பாரிசவாதம் வந்து பாயில் கிடக்கிறார். அவரைப் பக்கத்து வீட்டாரின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இன்னொரு முறை வர முடியாது.

"வெறுங்கையோடை போகமாட்டன், தம்பி."

தயாபரன் கணினியைப் போட்டான். ஈக்குவலைசரைத் திறந்தான். கொழும்பிலிருந்து வந்த ஒரு களவுச் சீடியில் கிடைத்த சாமான் அது. திரையில் ஒரு நீளக் கோடு; அந்தக் கோட்டில் புள்ளிகள். ஒரு புள்ளியை மவுஸால் பிடித்துத் தூக்கினால் அந்த இடத்து ஒலி தடிக்கும், இறக்கினால் மெலியும். கீச்சுக் குரலை அடக்கும், அடங்கிய குரலை எழுப்பும். பாடாத பிள்ளையைப் பாட வைக்க மட்டும் அதற்குத் தெரியாது.

அதனால் அவன் குழுவில் இன்னொரு பிள்ளையான பிரேமினியின் குரலைப் பிடித்தான். அன்றைக்கு மைக்குக்குக் கிட்ட நின்றவள் அவள்தான். பாட்டுக்குப் பின்னால் வாசித்த ஓர்கன் ஒலிக்கும் இடத்தை அமர்த்தி, பிரேமினியின் குரல் கணீரென்று நிற்கும் இடத்தைத் தேடித் தூக்கினான். செய்வது பாவம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் செய்தான்.

செபஸ்தியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது கீச்செண்டு கிடக்குது. அவளுக்குக் கொஞ்சம் தடிச்ச குரல்."

தயாபரன் மேல் பக்கத்தை இறக்கினான். கீழே கொஞ்சம் தூக்கினான்.

இன்னும் வேண்டும் என்றார். பிறகு, மூக்கால் பாடுவது போல இருக்கிறது, அதை எடுத்துவிடும் என்றார். அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒடுக்கமாக வெட்டினான். பிறகு நெஞ்சிலிருந்து வர வேண்டும் என்றார். தயாபரன் ஜெயந்தாவின் நல்ல குரலை ஒருநாளும் கேட்டதில்லை. தாய் சொல்லச் சொல்லப் புள்ளிகளை நகர்த்தினான். ஒவ்வொரு முறையும் பிரேமினி கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போனாள். அவனுக்குத் தெரியாத யாரோ ஒருத்தி கிட்ட வந்தாள். பெற்ற மனம் எப்படி ஏமாறுகிறது என்று நினைத்துக்கொண்டே அடுத்த புள்ளியைப் பிடித்தான்.

"நிப்பாட்டும்," என்றார் செபஸ்தியம்மா. "இப்ப சரி. இது என்ரை பிள்ளை."

அவர் அழுதார். சத்தமில்லாமல், நெடுநேரம் அழுதார். தயாபரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு புதுச் சீடியில் பாட்டை ஏற்றினான். அதை அவரிடம் நீட்டியபோது மனது பொறுக்கவில்லை. செத்த பிள்ளையின் பெயரில் ஒரு பொய்யைக் கொடுத்தனுப்புகிறோமே என்று கிடந்தது. வாசல் வரைக்கும் கூடவே போனான்.

"அம்மா, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்."

செபஸ்தியம்மா சீடியைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லாதையும், தம்பி. அது பிரேமினி எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு வீட்டை வந்த கையோடை, தான் பாடேல்லை எண்டு பிள்ளை என்னட்டைச் சொல்லி அழுதவள். அவளின்ரை தேப்பனுக்குத்தான் நாங்கள் மறைச்சுப்போட்டம். அந்த மனுசன் அரைக் காதோடை கிடந்து, பழைய சீடியைப் போடச் சொல்லிப்போட்டு, இதிலை பிள்ளை எங்கை, பிள்ளை எங்கை எண்டு என்னைக் கேட்டபடி கிடக்கிறார்."