மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஒரு பிரார்த்தனை

தரையில் இழுத்திருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று, கைகளைக் கோத்தபடி எம்லின் பிரார்த்தித்துக்கொண்டிருந்தார். சோதனை முடியும்வரை வண்டியின் சொந்தக்காரர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது பணிமனையின் விதி. அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன. முகம் காதுவரை சிவந்திருந்தது.

கோட்டுக்கு அப்பால் அவருடைய சிவப்பு ரேஸ் பைக் தாங்கியின் மேல் நின்றது. வாங்கி இருபத்தைந்து ஆண்டுகளான அந்த வண்டிக்கு இன்று ஆண்டுத் தகுதிச் சோதனை. தேறினால், நாளை ஞாயிற்றுக்கிழமை பிரெக்கன் மலைச்சாலையில் நண்பர் குழுவுக்கு முன்னால் வழக்கம்போல் அவர்தான் செல்ல வேண்டும். தேறாவிட்டால் வண்டி சாலையில் இறங்கவே முடியாது.

"இந்த வயசுல வர்ற ரேஸ் வண்டியில ரெண்டே ரகம்தான், எம்லின்," என்றாள் சோதனையாளர் நெரிஸ், முன்சக்கரத்தருகே குந்தியபடி. "எண்ணெய் ஒழுகிக்கிட்டு, செயின் தொங்கிக்கிட்டு வந்து வாசல்லயே உயிரை விடுறது ஒண்ணு. பொண்டாட்டியைவிடப் பத்திரமாப் பாத்துக்கிறது இன்னொண்ணு."

"என்னுது எந்த ரகம்?" என்றார் எம்லின்.

"பொறுங்க, அதுக்குள்ள என்ன அவசரம்?"

அவள் வண்டியின் முன்பக்கத்தைப் பலமுறை அழுத்தி அழுத்தி விட்டாள்; ஒரு பொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை. கைப்பிடியை இருபுறமும் மெல்லத் திருப்பினாள். எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. அவள் ஒவ்வொன்றுக்கும் சரியென்று தலையசைக்க அசைக்க, எம்லினின் தலை தாழ்ந்துகொண்டே போனது.

கதவிடுக்கில் ஹெவினின் தலை தெரிந்தது. எம்லினின் நெடுநாள் நண்பர் அவர். காலையிலேயே தம்முடைய வண்டிக்குச் சோதனையை முடித்துக்கொண்டவர், வீடு திரும்பாமல், கையில் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியுடன் முற்றத்திலேயே காத்திருந்தார்.

"என்னம்மா நெரிஸ், ஏதாச்சும் மாட்டுச்சா? பிரேக்கு? பேரிங்கு?"

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல, ஹெவின்."

"நல்லாத் தேடிப் பாரும்மா, கிழட்டு வண்டி! டேய் எம்லின், இது மட்டும் ஊத்திக்கிச்சுன்னா நாளைக்கு ஒருத்தரும் கிளம்ப மாட்டோம், தெரியும்ல? நீ இல்லாம எவன்டா முன்னாடி போறது?"

"உன் வண்டிதான் பாஸாயிடுச்சே. நீ போயேன்டா."

"நானா? உன் முதுகைப் பாத்தே ஓட்டிப் பழகிட்டேன்டா!" ஹெவின் உரக்கச் சிரித்தார். பிறகு, ரொட்டியைக் கடிக்க மறந்தவராகச் சற்று நேரம் அந்த வண்டியையே பார்த்துவிட்டு வெளியே போனார்.

நெரிஸ் பிரேக்கைப் பிடித்தாள். பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. எம்லின் சட்டென்று நிமிர்ந்தார்.

அவள் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். பல்பு பாதி திருகிய நிலையில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "தானாக் கழண்ட மாதிரி தெரியலையே," என்று முணுமுணுத்தவாறே அதை உள்ளே அழுத்தித் திருகினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல, நெரிஸ்? நீ தேறலைன்னே எழுதிடு," என்றார் எம்லின்.

"அட, இவ்வளவு நேர்மை உடம்புக்கு ஆகாது! குறை இருந்துச்சு, அங்கேயே சரி பண்ணியாச்சுன்னு எழுதிக்கிறேன்." அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "பாஸ், எம்லின். புது வண்டிகூட இப்படி வர்றதில்ல."

எம்லின் அந்தப் பாராட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்பு, வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி, அவளருகே வந்து நின்றார்.

"ஒரு உதவி பண்ணணும்மா. இதை ஃபெயில்னு போட்டுடு."

"என்னது?"

"போன அக்டோபர்ல, மலையில ஒரு வளைவுல பின்சக்கரம் வழுக்கிடுச்சு. விழலை. ஆனா அன்னையிலேருந்து வளைவைப் பாத்தாலே பிரேக்கைப் பிடிச்சுடுறேன். 'பயப்படாம என் பின்னாடி வாங்கடா'ன்னு இத்தனை வருஷம் சொன்ன வாயி இது. இப்ப எனக்கே பயமா இருக்குன்னு அவங்ககிட்ட எப்படிம்மா சொல்லுவேன்?"

"அப்ப அந்த பல்பு...?"

"நான்தான். வேற எதையும் கெடுக்க மனசு வரலை. நல்ல வண்டிம்மா அது."

அறுபதைத் தாண்டிய அந்த மனிதர், பாடம் சொல்லத் தெரியாத பள்ளிப் பிள்ளையைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்முடைய வண்டியின் முகத்தில் விழிப்பதற்குக்கூட அவருக்குக் கூச்சமாயிருந்தது. முற்றத்தில் ஹெவின் தம் வண்டியை முடுக்கி உறுமவிடும் ஓசை கேட்டது.

நெரிஸ் கந்தைத் துணியில் கைகளை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "இல்லாத குறையை எழுத முடியாது, எம்லின். மன்னிச்சுக்குங்க. காலையில இதே இடத்துல நின்னு, தன் வண்டிக்கு இதையேதான் இன்னொருத்தரும் கேட்டாரு. அவர்கிட்டயும் முடியாதுன்னுதான் சொன்னேன்."

"இதையேவா? யாரும்மா?"

அவள் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்:

"ஹெவின்."