தவறணைக்குப் போகாத கண்

"அந்தக் கண்ணால தவறணையைப் பார்த்தியோ, நடக்கிறதே வேற! போன வாரம் சினிமாக் கொட்டகையில வாயப் பொளந்துக்கிட்டு நின்னியாமே, அதுவும் தெரியும்!"

தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் அங்கம்மா கத்தினாள். வெள்ளைச் சட்டை போட்டுப் பதுளைக்குக் கிளம்பிய ரெங்கசாமி அப்படியே நின்றான். சம்பள நாளில் தவறணையில் குடிக்கும் கள்ளுதான் அவனுக்கிருந்த ஒரே சந்தோஷம்.

"ஒரே ஒரு போத்தல்தானே..."

"வாய் குடிக்கட்டும். கண்ணு போகக் கூடாது!"

"கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சிட்டா போக முடியும்?"

சத்தம் கேட்டு, ரெங்கசாமியின் பெண்சாதி பவளம் உள்ளேயிருந்து வந்தாள்.

அங்கம்மா பக்கத்து லயத்துக்காரி. செத்துப்போன அவள் புருஷன் வீரசிங்கம் தானம் கொடுத்த கண்ணைத்தான் ஆஸ்பத்திரியில் ரெங்கசாமிக்கு வலது பக்கம் வைத்திருந்தார்கள்.

"எங்க வீட்டு மனுசன் தவறணைப் பக்கமே திரும்பாதவரு," என்று அங்கம்மா மூக்கைச் சிந்தினாள்.

"நீயாவது சொல்லு புள்ள. வலது கண்ணைத் துணியால கட்டிக்கிட்டே போறேன்," என்று ரெங்கசாமி பவளத்திடம் கெஞ்சினான்.

பவளம் யோசித்தாள். "அக்கா, வலது கண்ணு ஒங்களது. நான் தலையிட மாட்டேன். ஆனா இடது கண்ணு என்னோடது. அதுவும் போகாது."

ரெங்கசாமி சட்டையைக் கழற்றினான்.

தானம் கொடுத்த பிறகும் கண்ணின்மேல் கொடுத்தவர் வீட்டுக்கு அதிகாரம் உண்டா? வாசகர்களே, அடுத்த சம்பளத்துக்குள் ஒரு தபாலட்டை எழுதிப் போடுங்கள். அவன் காத்திருக்கிறான்.